தோட்டப் பாதைக்கும் ஓடும் பிக்கப்: எதில் காசு போடலாம், எதை விடலாம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு வரும் பிக்கப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஓடுபவை. வார நாளில் ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ வேலைக்குப் போய்வரும். சனி, ஞாயிறில் லாசா பக்கம் செம்பனைக்குள்ளே, டுரியான் கொல்லைக்கு, சில சமயம் ஓராங் அஸ்லி பழங்குடியினர் கம்பத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும். முழுநேரக் காட்டு வண்டியும் இல்லை, வெறும் பட்டணத்து வண்டியும் இல்லை. காசு வீணாவது இந்த ரக வண்டிகளில்தான் அதிகம். காட்டுப் போட்டிக்குப் போகிற வண்டியைப் பார்த்து, அதில் உள்ளதையெல்லாம் தன் வண்டிக்கும் வாங்கி மாட்டுகிறார்கள்.

எதையும் வாங்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வண்டி இதுவரை எந்தெந்த இடத்தில் நின்றது, எதனால் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சேற்றில் சுழன்றதா, நடுமேட்டில் வயிறு தட்டியதா, டயர் கிழிந்ததா, தண்ணீர் புகுந்ததா, பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்ததா? அந்தத் தாளில் இல்லாத ஒரு பிரச்சினைக்குச் சாமான் வாங்க வேண்டியதில்லை.

ஓர் ஆசிரியர் தம் டொயோட்டா ஹைலக்ஸை நான்கு அங்குலம் தூக்க வேண்டும் என்று வந்தார். எங்கே சிக்குகிறது என்று கேட்டேன். மழை பெய்தால் கொல்லைக்கு முன்னால் உள்ள செம்மண் மேட்டில் ஏறவில்லை என்றார். குனிந்து டயரைப் பார்த்தேன். வண்டியோடு வந்த ரோட்டு டயர், ஓரப் பூவெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உயரத்துக்கும் அந்த மேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டயரை மட்டும் மாற்றினார். இப்போது மழைக்கு மறுநாளும் ஏறுகிறார்.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

பழைய வண்டியில் புதுச் சாமான் மாட்டுவதற்கு முன், இருப்பது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைச் செலவாகவே நினைக்காதீர்கள். இதுதான் முதல் அப்கிரேடு.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விடுங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தட்டுப்படும். முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் ஜாயிண்டை மூடியிருக்கும் சிவி பூட் அதுதான். ஒவ்வொரு மடிப்பையும் கட்டை விரலால் விரித்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும், மடிப்பின் பள்ளத்தில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். விரலில் கறுப்பு கிரீஸ் ஒட்டினாலோ, சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தாலோ உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் உறையை மட்டும் மாற்றினால் போதும். சேறு உள்ளே போய், வளைவில் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும். செலவு பல மடங்கு.

அப்புறம் பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலின் (சுருக்கமாக டிஃப்) நட்டைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் எடுத்துப் பாருங்கள். தேன் நிறத்திலோ கறுத்தோ இருந்தால் பரவாயில்லை. பால் கலந்த தே மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றே வடித்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள்.

அப்சோர்பரில் எண்ணெய் கசிகிறதா, முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் ஆடுகிறதா, புரப்பல்லர் தண்டின் குறுக்கு ஜாயிண்டுக்குக் கிரீஸ் அடித்திருக்கிறதா, பிரேக் பட்டை எவ்வளவு மிச்சம் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய விகோ வகை ஹைலக்ஸில் 2.5, 3.0 டீசல் எஞ்சின்களுக்கு டைமிங் பெல்ட்டுதான், சங்கிலி இல்லை. முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், வேறு எதையும் வாங்கும் முன் அதை மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும்.

காசில் பெரும்பங்கு டயருக்கு

மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான். அதனால் நான் முதலில் காசு போடச் சொல்வது அதில். நாம் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஆல் டெரெய்ன் என்கிற ஏடி ரகம் பொருந்தும். மட் டெரெய்ன் ரகத்துக்குக் கட்டை கட்டையாகப் பூ இருக்கும், இடைவெளி அதிகம், களிமண்ணை உதறிவிடும். சேற்றில் அதற்கு நிகரில்லை, உண்மைதான். ஆனால் மழையில் நனைந்த தார்ச் சாலையில் பிரேக் பிடித்தால் ஏடியைவிடத் தள்ளிப்போய் நிற்கும். நெடுஞ்சாலையில் இரைச்சல், டீசலும் கூட ஆகும், தேய்மானமும் வேகம். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டும் வண்டிக்கு நான் அதைப் போட மாட்டேன்.

ஏடிக்கு ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துச் செம்மண் பிசுக்கென்று ஒட்டும் ரகம். அதில் பூவின் இடைவெளி அடைத்துக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். வருடத்தில் சில நாள் மட்டும் அப்படிப்பட்ட சேற்றில் போக வேண்டியிருந்தால், பின்சக்கரத்துக்கு ஒரு ஜோடி சங்கிலி வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். மட் டயரைவிட மலிவு, பிடிப்பும் அதிகம். தார்ச் சாலைக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். தோட்டத்துப் பாதையில் போடுவதாக இருந்தால் தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சங்கிலி பாதையை உழுதுவிடும்.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். ஹைலக்ஸில் பரவலாக வரும் 265/65 ஆர்17 அளவிலிருந்து 265/70க்குப் போனால் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் கூடும். தரையிலிருந்து உயரம் அதில் பாதி, 13 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு மேலே போனால் வளைவில் டயர் உள்சட்டத்தில் உரசும், எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும்.

கடையில் டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3423 என்றால் 2023ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. கடையில் நெடுநாள் கிடந்த டயருக்குப் புது விலை கொடுக்காதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் உள்ள 112 போன்ற எண் தாங்கும் எடையைச் சொல்வது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். உரமூட்டை ஏற்றுபவர்கள் இந்த எண்ணைக் குறைத்து வாங்கவே கூடாது.

டயரோடு சேர்த்து, பேட்டரியில் கவ்வி ஓட்டும் நல்ல காற்றுப் பம்பு ஒன்றும் தனியாக ஒரு பிரஷர் கேஜும் வாங்குங்கள். மொத்தக் கட்டுரையிலும் குறைந்த காசுக்கு அதிகப் பலன் தருவது இந்த ஜோடிதான். சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் டயரைச் சேற்றில் 20க்கு இறக்கினால், மண்ணில் பதியும் தடம் நீளமாகும், பிடிப்பு உடனே கூடும். இறக்கிய பிறகு மெதுவாகப் போங்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள், விளிம்பிலிருந்து டயர் கழன்றுவிடும். தார்ச் சாலையைத் தொடும் முன் திரும்பக் காற்று அடித்துவிட வேண்டும்.

ஆனால் செம்பனைக்குள் இதிலும் ஒரு கவனம் வேண்டும். மட்டை வெட்டிப் போட்டிருக்கும் பாதையில் காற்றை ரொம்ப இறக்கினால் டயரின் பக்கம் வெளியே பிதுங்கும். மட்டையின் அடித்தண்டில் இருக்கிற முள் அந்தப் பிதுங்கிய இடத்தில்தான் ஏறும். டயரின் நடுப்பகுதியில் ஓட்டை என்றால் ரப்பர் திரி செருகி அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பக்கச் சுவரில் கிழிந்தால் ஸ்பேர்தான் கதி. அதனால் மட்டை கிடக்கும் இடத்தில் 26, 28க்குக் கீழே நான் இறக்குவதில்லை. ஸ்பேர் டயரிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பல வண்டிகளில் அது அடியில் துருப்பிடித்துக் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சிக்கினால் வெளியே வர

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு போட்டு வண்டியை இழுக்கவே கூடாது. அது நிதானமாக இழுத்துச் செல்லும் பாரத்துக்குச் செய்தது. சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது உருண்டை முறிந்து பறக்கும். எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். பல பிக்கப்புகளில் முன்னால் அடியில் உள்ள மெல்லிய வளையமும் இழுப்பதற்கு இல்லை, வண்டியைக் கப்பலிலும் லோரியிலும் ஏற்றும்போது கட்டுவதற்கு.

உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்து, எத்தனை கிலோ தாங்கும் என்று எண் பொறித்த ரிக்கவரி கொக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்டு மாட்டுங்கள். முன்னால் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நல்லது. பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் ஷாக்கிலிலும் அதே மாதிரி 3.25 டன் அல்லது 4.75 டன் என்று எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாததை இரும்புக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். இழுக்கும் பட்டையில் இரண்டு ரகம் உண்டு. நீளும் பட்டை வெடுக்கென்று இழுக்க, நீளாத பட்டை மெதுவாக இழுக்க. நீளாத பட்டையை வைத்து ஓடிவந்து இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும். இழுக்கும்போது பட்டையின் நடுவில் ஈரக் கோணிச்சாக்கைப் போடுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும். நிற்பவர்களைத் தூரமாக விரட்டிவிடுங்கள், முக்கியமாகப் பிள்ளைகளை.

இதோடு ஒரு மண்வெட்டி, ஒரு பாராங் கத்தி, சக்கரத்துக்கு அடியில் செருகும் ரிக்கவரி பலகை ஒரு ஜோடி, ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தடித்த மரப்பலகைத் துண்டு ஒன்று. தனியாகப் போகிறவருக்குப் பலகையும் மண்வெட்டியும் போதும், முக்கால்வாசிச் சிக்கலிலிருந்து வந்துவிடலாம்.

மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் வேண்டுமா? நீங்கள் துணை வண்டி இல்லாமல் உள்ளே போகிறவரா, திரும்பத் திரும்பப் புதைகிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது கணக்கு. பாரத்தோடு 2,900 கிலோ என்றால் 4,350 கிலோ, அதாவது 9,500 பவுண்ட் வின்ச் ஏறக்குறைய அந்த அளவு. அந்த எண்ணும் டிரம்மில் கடைசி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது வரும் பலம். கயிறு சுற்றச் சுற்ற இழுவை குறையும். வின்ச்சும் அதைத் தாங்கும் பம்பரும் சேர்ந்தால் மூக்கில் ஓர் ஆளை எப்போதும் உட்காரவைத்த எடை, அதற்கு மேலும் வரும். முன் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டிவரும். எங்கள் வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது தேவைப்படவில்லை.

தண்ணீர், டீசல், தூசி

எஞ்சினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாயான ஸ்நார்கல் மாட்டச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் டிஃப் பிரீதரைப் பற்றிச் சொன்னால் பலர் முதன்முறையாகக் கேட்கிறார்கள். ஆக்ஸிலின் மேல் ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன்னால் சொன்ன வெளுத்த எண்ணெய் வருவது இப்படித்தான். ஒரு ரப்பர் குழாயை அந்தத் துளையில் மாட்டி, எஞ்சின் அறையின் மேல்பக்கம் வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் தீர்ந்தது. கியர்பாக்ஸுக்கும், முன்பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் சேர்த்தே செய்யுங்கள். சில பத்து வெள்ளிதான் ஆகும். சிறு ஓடை கடக்கிற யாருக்கும் இது வேண்டும்.

ஸ்நார்கல் அப்படியில்லை. எஞ்சின் காற்று இழுக்கும் வாய் ஏற்கனவே போனெட் உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் அந்த அளவுக்கு ஏறும் ஆற்றில் இந்த ரக வண்டி இறங்கவே வேண்டியதில்லை. மலையில் மழை பெய்தால் பத்து நிமிடத்தில் நிறம் மாறும் ஆறு நம்முடையது. காத்திருங்கள், அல்லது திரும்புங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் விடாமல் சொல்வது, தண்ணீர் பிரிக்கும் கூடுதல் ஃபில்டர். 2019இல் நம் மலேசியாவில் வண்டிகளுக்கு பி10 டீசல் வந்தது, அதில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. அந்தப் பங்கு சாதா டீசலைவிட ஈரத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வாரக் கடைசியில் மட்டும் ஓடி, மற்ற நாளில் அரை டாங்கியோடு நிற்கும் வண்டிக்குள் ஈரம் சேரும். இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது. அதன் விலையைக் கேட்டால் ஃபில்டர் விலை கண்ணுக்கே தெரியாது. நிறுத்தும்போது டாங்கியை நிரப்பி நிறுத்துங்கள், அதற்குக் காசே இல்லை.

காற்று ஃபில்டரில் கம்பெனி காகித ஃபில்டரே போதும். எண்ணெய் தடவிய பஞ்சு ரகம் வாங்கி மாட்டாதீர்கள். தோட்டத்து மெல்லிய தூசியைக் காகிதம்தான் நன்றாகப் பிடிக்கும், அந்த எண்ணெய் காற்று அளக்கும் சென்சாரிலும் படியும்.

உயரமும் ஸ்பிரிங்கும்

வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட் வாங்கும் முன் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பிக்கப்பில் தரைக்கு மிக அருகே இருப்பது பின் டிஃபரன்ஷியலின் உருண்டை. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது, ஸ்பிரிங்குக்குக் கீழே. வண்டியை எத்தனை அங்குலம் தூக்கினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டரும் ஏறாது. அதை ஏற்றுவது டயரின் விட்டம் மட்டும்தான். செம்பனைக் குலை லோரி போட்ட ஆழத் தடத்தில் நடுமேடு தட்டுவது பெரும்பாலும் இந்த உருண்டைதான். தடத்துக்குள் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மற்றதைத் தடத்தின் வெளி விளிம்பிலும் வைத்து ஓட்டப் பழகுங்கள்.

வண்டி தூக்கினால் கூடுகிற ஒன்று, முன் சிவி தண்டு சாய்கிற கோணம். கோணம் கூடக் கூட உறை சீக்கிரம் கிழியும், ஜாயிண்ட் தேயும். வளைவில் வண்டி அதிகம் சாயும். 40 மில்லிமீட்டர் வரை, அதுவும் தேய்ந்த ஸ்பிரிங்கை எப்படியும் மாற்ற வேண்டிய நேரத்தில், சரி. அதற்கு மேல் வேண்டாம்.

பின் ஸ்பிரிங் பட்டையைப் பாரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தினமும் பின்னால் எத்தனை கிலோ இருக்கும் என்பது. கேட்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். எப்போதாவது உரம் ஏற்றுகிறவர் கனமான பட்டை போட்டால், வெறும் வண்டியில் கல்பாதையில் பின்பக்கம் துள்ளும், ஈரத் திருப்பத்தில் வழுக்கும். அவருக்கு நடுத்தரப் பட்டையும் நல்ல அப்சோர்பரும் போதும்.

பின் டிஃப் லாக் உங்கள் வண்டியில் ஏற்கனவே இருக்கலாம், பட்டனைத் தேடிப் பாருங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது மற்ற சக்கரத்துக்கும் பலத்தைக் கொடுப்பது அது. இல்லாதவர் லிஃப்டுக்கு ஒதுக்கிய காசை இதில் போட்டால் பல மடங்கு பலன். சிக்கிய பிறகு போடாமல், சிக்கும் இடத்துக்கு முன்னாலேயே போட்டு, நேராகப் போய், தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

விளக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கண்ணாடி மங்கியிருந்தால் பாலிஷ் போட்டு நல்ல ஹாலஜன் பல்ப் மாட்டுங்கள். ஹாலஜனுக்குச் செய்த கூட்டில் எல்இடி பல்பைத் திணித்தால் வெளிச்சம் சிதறும். விடியுமுன் மோட்டாரில் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் எதிரே வருகிறார்கள், அவர்கள் கண்ணைக் கூசவைத்துப் பள்ளத்தில் இறக்கிவிடாதீர்கள். கூரை லைட் பாரும் பொதுச் சாலையில் எரியக் கூடாது.

உரம் ஏற்றுகிறவர்கள் தொட்டிக்கு நல்ல பிளாஸ்டிக் உள்ளுறை போடுங்கள். அப்படியும் சிந்திய உரம் உறைக்கு அடியில் ஈரத்தோடு சேர்ந்து தகட்டைத் தின்னும். மாதம் ஒருமுறை உறையைத் தூக்கிக் கழுவுங்கள். சேஸி சட்டத்துக்குள் காய்ந்து கிடக்கும் சேற்றையும் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் அடித்து வெளியே எடுங்கள்.

உயரம், பம்பர், டயர் அளவு இவற்றில் எதை மாற்றுவதானாலும் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வேண்டியதற்கு எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் மாட்டினால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும்.

ஸ்பிரிங்கோ கொக்கியோ மாட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவந்து ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் எல்லா நட்டையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்தது பார்த்தவுடனே தெரியும்.